நெட்டை போட்ட பூட்டு

செத்துப்போன ஆள் போட்ட பூட்டு தானாகக் கழன்றுகொண்டது என்று மீசை வந்து சொன்னபோது காலை பத்தேகால் மணி. ஜன்னலில் பளீரென்ற வெயில். சின்னி தரையில் சம்மணமிட்டு, புது மெஷினின் வயர்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“எந்தப் பூட்டு மீசைண்ணே?”

“எந்தப் பூட்டுன்னு கேக்குற பாரு. நாலாந்தொட்டி.”

டேப் அவள் விரலிலேயே ஒட்டிக்கொண்டது.

ஊருக்குத் தண்ணீர் வடிகட்டி அனுப்பும் நிலையம் அது. எட்டுத் தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு வீட்டு அளவு. அடியில் மணல், மணலுக்குக் கீழே குழாய்கள். தொட்டியைக் காயவிட்டு ஓர் ஆள் உள்ளே இறங்கிச் சுத்தம் செய்யும்போது, மேலே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஏதோ ஞாபகத்தில் வால்வைத் திறந்துவிடக் கூடாது; கீழிருந்து பீறிடும் தண்ணீரில் மணல் சேறாகி, நிற்பவரை உள்ளே இழுத்துவிடும். அதற்குத்தான் பூட்டு. தொட்டி விளிம்பில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். இறங்குகிறவர் தன் அட்டையை அதில் தேய்த்ததும், மேலே திரையில் அந்தத் தொட்டி சிவப்பாக மாறும். பக்கத்தில் தேய்த்தவர் பெயர் வரும். சிவப்பாக இருக்கும்வரை அந்த வால்வு யார் சொன்னாலும் கேட்காது. பூட்டியவர் சொன்னால் மட்டும் கேட்கும். வேலை முடிந்து ஏறி வந்து, அதே அட்டையைத் தேய்த்தால் சிவப்பு போய்விடும்.

நாலாம் தொட்டி ஐந்து மாதமாகச் சிவப்பாக இருந்தது. பக்கத்தில் நெட்டை என்று இருந்தது. அங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர்தான், கம்ப்யூட்டருக்குள் நுழையவும் அதேதான். நெட்டை சின்னியின் அண்ணன். பூட்டைப் போட்டுவிட்டு இறங்கியவன் ஏறி வரவில்லை. அவன் சட்டைப்பையில் இருந்த அட்டையும் அன்று தண்ணீரோடு போய்விட்டது.

“மேனேஜர் காலைலேருந்து உயிரை எடுக்குறார்” என்றார் மீசை. ஐம்பது தாண்டிய மனிதர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். இப்போது மீசையின் ஒரு நுனியை விடாமல் முறுக்கிக்கொண்டிருந்தார். “வெள்ளிக்கிழமை புது மெஷினுக்கு மாறணும், சிவப்போட மாற முடியாது, எப்படியாவது எடுங்கன்னார். உன் அண்ணன் படி ஏறி இறங்கச் சோம்பல்பட்டு உன்கிட்ட ஒண்ணு எழுதி வாங்கினான்ல, மேலேருந்தே பூட்டைக் கழட்ட? அது ஞாபகம் வந்துச்சு. எனக்கு எப்படியும் முடியாதுன்னு சொல்லும், அதைக் காட்டி அவர் வாயை அடைக்கலாம்னு அடிச்சுப் பாத்தேன்.”

“முடியாதுன்னுதான் சொல்லணும். பூட்டினவங்களைத் தவிர யாருக்கும் கழட்டாது.”

“கழட்டிருச்சு. கழட்டிட்டு ஒரு வரி எழுதிச்சு.” குரலைத் தாழ்த்தினார். “‘நன்றி, நெட்டை.’ உக்காந்திருந்தது நான் ஒருத்தன். பக்கத்துல ஈ காக்கா கிடையாது.”

கட்டுப்பாட்டு அறைக்கு இருவரும் போனார்கள். நீளமான அறை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடிக்கு வெளியே கீழே எட்டுத் தொட்டிகளும் தெரியும். ஏழில் தண்ணீர் மினுங்கியது. நாலாவது காய்ந்து வெளிறிக் கிடந்தது. திரையில் அது இப்போது பச்சையாக இருந்தது. அதன் கீழே அந்த வரி, சின்னியே என்றோ எழுதிவைத்த நன்றி.

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே விசைப்பலகையை இழுத்தாள். கம்ப்யூட்டர் தன்னிடம் வைத்திருக்கும் இரண்டு பெயர்ச் சீட்டுகளைக் காட்டச் சொன்னாள். முதலாவது யூசர். திரை பதில் சொன்னது: மீசை. இரண்டாவது லாக்நேம். திரை பதில் சொன்னது: நெட்டை.

கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டது போல இருந்தது. மீசைதான், குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா இது? உள்ளே இருக்கானா அவன்?”

சின்னி சிரித்துவிட்டாள். ஒரு விஷயம் எப்படி நடந்தது என்று பிடிபட்டுவிட்டால் அவளால் விளக்காமல் இருக்க முடியாது. சின்ன வயதில் அண்ணன் அவளைத் ‘தொணதொணப்பு’ என்றுதான் கூப்பிடுவான்.

“இல்லண்ணே. உக்காருங்க, சொல்றேன். கம்ப்யூட்டருக்குள்ள எந்த வேலையும் தானா முளைக்காது. ஒரு வேலை இன்னொண்ணைப் பெத்துவிடும். அம்மா பிள்ளைன்னே சொல்லுவோம். பெத்துவிடும்போது அம்மா சட்டைப்பையில இருக்குற துண்டுச் சீட்டு எல்லாத்தையும் நகல் எடுத்துப் பிள்ளை பையில திணிச்சு அனுப்பும். உன் வீடு எது, உன் பேர் என்ன, எந்த அலமாரியில தேடணும், இப்படி. புத்தகத்துல இதுக்குச் சூழல் மாறின்னு பெரிய பேர். நமக்குச் சீட்டு போதும்.”

“சரி.”

“பேருக்கு ரெண்டு சீட்டு. யூசர்னு ஒண்ணு, லாக்நேம்னு ஒண்ணு. ஒரு காலத்துல ரெண்டு வம்சத்து மெஷின் இருந்துச்சு. ஒண்ணு இதை வெச்சுக்கிச்சு, இன்னொண்ணு அதை. அப்புறம் ரெண்டும் கலந்துபோச்சு. கல்யாணம் ஆனதும் ரெண்டு வீட்டுப் பாத்திரமும் ஒரே சமையலறைக்கு வருமே, அப்படி. ரெண்டு கரண்டி, ரெண்டும் குழம்பு ஊத்தும். நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது நேரம் ரெண்டுலயும் ஒரே பேர்தான்.”

“அந்த நூறாவது நேரம்?”

“நாம ஷிஃப்ட் மாத்துற முறை.”

அது அந்த நிலையத்துக்கே உரிய பழக்கம். சுவரில் ஓடும் நீர்மட்ட வரைபடம், கம்ப்யூட்டருக்குள் முதலில் நுழைந்தவரின் அமர்வில்தான் ஓடும். அவர் வெளியேறினால் அது செத்துவிடும். மறுபடி வளர இருபது நிமிஷம் ஆகும், அதுவரை மேனேஜர் அறையில் மணி அலறும். அதனால் யாரும் வெளியேறுவதில்லை. அடுத்த ஷிஃப்ட்காரர் முந்தைய ஆளின் அமர்வுக்கு மேலேயே தன் பெயரைச் சொல்லி ஏறிக்கொள்வார், போகும்போது இறங்கிவிடுவார். ஏறுவது, இறங்குவது என்றே பேசிக்கொள்வார்கள். அந்தப் பழைய மெஷினில் ஏறும்போது யூசர் சீட்டு மட்டும் மாறும். லாக்நேம் சீட்டை யாரும் தொடுவதில்லை. கதவு வழியே முதலில் வந்தவன் பெயர் அதில் அப்படியே இருக்கும்.

“கடைசியா இந்த மெஷின் எப்போ நின்னுச்சு?” என்று கேட்டாள்.

மீசை விரல் விட்டு எண்ணினார். “இடி விழுந்துச்சே. இருபத்திரண்டு மாசம் இருக்கும். அன்னிக்கு ட்யூட்டியில...” நிறுத்தினார்.

“அண்ணன்தான் உள்ளே நுழைஞ்சான். அதுக்கப்புறம் யாரும் வெளியேத்தல. நாம எல்லாரும் அவன் தோள் மேலதான் ஏறி உக்காந்திருக்கோம்.”

மீசை தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். “விளக்கினா பயம் போகும்பாங்க. எனக்கு இப்பத்தான் ஆரம்பிக்குது.”

அந்த நிலையத்துக்காக அவள் எழுதிய ஸ்கிரிப்டுகள், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைத் தொடர்கள், எல்லாவற்றிலும் ‘நீ யார்’ என்று கேட்கும் இடம் ஒன்றுதான். அதில் அவள் லாக்நேமைத்தான் எடுத்திருந்தாள். அன்று எடுத்ததற்குக் காரணமும் இருந்தது. யூசர் அடிக்கடி மாறக்கூடியது, லாக்நேம் நிலையானது, உண்மையில் உள்ளே வந்தவரைச் சொல்வது என்று எங்கோ படித்திருந்தாள். தன் மெஷினில் இரண்டையும் போட்டுப் பார்த்தாள். இரண்டும் சின்னி என்றே சொன்னன. எதைப் போட்டால் என்ன என்று ஒன்றைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனது வரை அவளுக்கு ஞாபகம் இருந்தது.

வால்வு பதிவேட்டைத் திறந்தாள். எந்த வால்வு, எத்தனை மணிக்கு, யார் என்று ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு வரி. திரையில் வரிகள் மேலே ஓடின. நேற்று, நெட்டை. இன்று காலை, நெட்டை. அவனைப் புதைத்த நாளில், நெட்டை, நெட்டை, நெட்டை. முந்தைய மாதம், அதற்கும் முந்தைய மாதம், இருபத்திரண்டு மாதம் பின்னால் போகிறவரை வேறு பெயரே இல்லை.

“அடப்பாவி, ரெண்டு வருஷமா நான் திறந்த வால்வு எல்லாம் அவன் பேர்லயா? விருது கிருது கொடுத்தா அவனுக்குத்தான் போகும்” என்றார் மீசை. சொன்னபிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

சின்னி அதைக் கேட்கவில்லை. அவள் மனதில் வேறொரு காகிதம் வந்து நின்றது. அண்ணன் சாவை விசாரித்த குழு அந்தப் பதிவேட்டிலிருந்து ஒரே ஒரு வரியைத்தான் எடுத்திருந்தது. வால்வு நான்கு, பதினொன்று இருபது, நெட்டை. அந்த ஒரு வரியை வைத்துத் தீர்ப்பு எழுதினார்கள்: தன் பூட்டைத் தானே மீறி வால்வைத் திறக்க ஏற்பாடு செய்துவிட்டு, மறந்து, உள்ளே இறங்கினார். தன் கவனக்குறைவால் இறந்தார். அண்ணன் மகள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் “எங்கப்பா மறந்துட்டார்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி அந்தக் காகிதத்தை நான்காக மடித்து வைத்திருந்தாள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துத் தரச் சொல்லு, வேற எதுவும் வேணாம் என்று ஐந்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னிக்கோ ஐந்து மாதமாக அண்ணன்மேல் கோபம். எதையும் இரண்டு தடவை பார்க்கிறவன், எப்படி மறந்தான்?

“மீசைண்ணே. அந்த வரியில அண்ணன் பேர் இருக்குறதுக்கு அர்த்தமே இல்ல. யார் திறந்திருந்தாலும் அவன் பேர்தான் வந்திருக்கும்.”

மேனேஜர் மதியம் எட்டிப் பார்த்தார். பூட்டு போய்விட்டதில் அவருக்கு மகிழ்ச்சி. இரண்டு சீட்டுக் கதையைப் பாதி கேட்டார். “ரெண்டும் ஒண்ணுதானேம்மா? புதுசுல ஏதாவது ஒண்ணைப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள முடி. பழசைக் கழட்ட ஆள் சொல்லியாச்சு.”

அவள் வேலை முடிந்து நேராக அண்ணி வீட்டுக்குப் போனாள்.

அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனால் ஒருவருக்குத் தலைவலி வரும் என்கிற வேலை. வீட்டிலும் ஜன்னலோர மேசையில் ஒரு தட்டு நிறைய ஃபிரேம்கள். வெளிச்சம் குறைவதற்குள் ஒன்றை முடிக்க வேண்டும் என்று, தலை நிமிராமலே கேட்டாள்.

“என்ன, கால் தரையில பாவல? சம்பள உயர்வா?”

“அண்ணி, அண்ணன் மறக்கல.”

ஸ்க்ரூடிரைவர் நின்றது.

சின்னி எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணிக்குப் புரியவேண்டும் என்று தட்டிலிருந்து இரண்டு ஃபிரேம்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். ஏறுவது, இறங்குவது, சட்டைப்பை, சீட்டு. அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டாள். கண்ணில் தண்ணீர் நிறைந்தது, ஆனால் விழவில்லை.

“அப்ப அந்த வாக்கியத்தை எடுத்துடுவாங்களா?”

“எடுத்துத்தான் ஆகணும். பழைய மெஷின் ஓடுறவரைக்கும் ஆதாரம் அதுக்குள்ளயே இருக்கு.”

“அப்ப திறந்தது யாரு?”

“கண்டுபிடிச்சுடலாம். யார் எப்போ ஏறினாங்க இறங்கினாங்கன்னு தனியா ஒரு பதிவு இருக்கு. ரெண்டு நாள் குடுங்க.”

அண்ணி ஃபிரேம்களைப் பிரித்துத் தட்டில் வைத்தாள். ஒரு துணியால் விரல்களைத் துடைத்தாள், ஒவ்வொன்றாக. “எனக்கு ஒண்ணு மட்டும் புரியல சின்னி. அவர் பூட்டு போட்டுத்தானே இறங்கினார்?”

“போட்டுத்தான்.”

“பூட்டு இருந்தா வேற யாரு சொன்னாலும் வால்வு கேக்காதுன்னு நீதானே சொன்னே? அதனாலதானே அவரே திறந்ததா முடிவு பண்ணினாங்க?”

“ஆமா, ஆனா பூட்டும் அதே கேள்வியைத்தான் கேக்குது, நீ யாருன்னு, அதுவும் லாக்நேமைத்தான்...” என்று உற்சாகமாகத் தொடங்கியவள் பாதியில் நின்றாள்.

வெளியே தெருவில் யாரோ இரும்பு ஷட்டரை இழுத்து மூடினார்கள்.

“என்ன?” என்றாள் அண்ணி.

“ஒண்ணுமில்ல அண்ணி. நாளைக்குச் சொல்றேன்.”

விபத்து நடந்த அன்று காலை ஒன்பது மணிக்கு நடந்தது அவளுக்கு வரி வரியாக நினைவிருந்தது. கடைசியாகப் பேசியது என்பதால் அதை எத்தனையோ முறை மனதில் ஓட்டிப் பார்த்திருந்தாள். மாதச் சோதனைக்காகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போயிருந்தாள். எட்டு வால்வுகளையும் வரிசையாக நாற்பது நொடி திறந்து மூடிப் பார்க்கும் ஸ்கிரிப்ட், அவள் எழுதியதுதான். தொடங்கிவிட்டால் மேல்தொட்டியில் நீர்மட்டம் இறங்கும்வரை காத்திருந்து, பிறகு தானே ஓடும். அண்ணன் தன் நாற்காலியை விட்டு எழுந்து கொடுத்தான். அவள் ஏறினாள். “நான் நாலாவதுல இறங்கணும்” என்றான். “பூட்டு போட்டுடு” என்றாள். “போடாம? உன் சோதனை என்னையும் சேத்துக் குளிப்பாட்டிடும்.”

பூட்டு இருந்தால் சோதனை அந்தத் தொட்டியைத் தாண்டிப் போய்விடும். ஒரே விதிவிலக்கு, பூட்டியவரே மேலேயிருந்து சொன்னால் பூட்டும் கழலும், பூட்டைக் கழட்டாமலே வால்வும் திறக்கும். தொட்டியைக் கழுவக் கொஞ்சம் தண்ணீர் வேண்டியிருக்கும்போதெல்லாம் கட்டுப்பாட்டு அறைக்கும் தொட்டி விளிம்புக்கும் நாற்பது படி ஏறி இறங்க வைக்கிறாயே என்று அண்ணன் புலம்பியதால் அவனுக்காகச் சேர்த்த வரி அது. மற்றவர்கள் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

விபத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். சோதனை ஓடத் தொடங்கும் முன்பே நின்றுவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஓடியிருந்தால் பதிவேட்டில் அவள் பெயர் இருந்திருக்கும். விசாரணைக் காகிதத்தில் தன் பெயர் இல்லை. அதனால் தன்னைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

மறுநாள் காலை, மீசை வருவதற்கு முன்பே, பதிவேட்டில் அந்தத் தேதிக்குப் போனாள். இந்த முறை பெயர்களைப் பார்க்கவில்லை. மணியைப் பார்த்தாள்.

வால்வு ஒன்று, பதினொன்று பதினாலு. நாற்பது நொடி. வால்வு இரண்டு, பதினொன்று பதினாறு. நாற்பது நொடி. வால்வு மூன்று, பதினொன்று பதினெட்டு. நாற்பது நொடி. வால்வு நான்கு, பதினொன்று இருபது.

அதோடு நின்றிருந்தது. பதினொன்று இருபத்தொன்றுக்கு யாரோ அவசரப் பொத்தானை அடித்திருந்தார்கள்.

விசாரணைக் குழு நாலாவது வரியை மட்டும் எடுத்திருந்தது. அதற்கு முந்தைய மூன்றையும் பார்த்திருந்தால்கூட அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது. இரண்டிரண்டு நிமிஷ இடைவெளி, நாற்பது நொடி. தன் கையெழுத்தை வேறொருவன் பெயரில் பார்ப்பது போல இருந்தது. அன்று ஏறிய பதிவையும் எடுத்தாள். ஒன்பது மூன்றுக்குச் சின்னி ஏறினாள். ஒன்பது பத்துக்கு இறங்கினாள். அவள் இறங்கிய பிறகும் அவள் பெற்றுவிட்ட சோதனை உள்ளே உட்கார்ந்து காத்திருந்தது, தன் பையில் இரண்டு சீட்டோடு. ஒன்றில் சின்னி, ஒன்றில் நெட்டை. தண்ணீர் இறங்கியதும் எழுந்து நடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது சிவப்பாக இருந்தது. யார் பூட்டியது? நெட்டை. நீ யார்? பையிலிருந்து அவள் எடுக்கச் சொல்லியிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தது. நெட்டை. அப்படியானால் சரி.

கண்ணாடிக்கு வெளியே நாலாம் தொட்டி வெயிலில் கிடந்தது. மெஷின் பொய் சொல்லவில்லை. அவள் எப்படிக் கேட்கச் சொன்னாளோ அப்படித்தான் கேட்டது. அண்ணனின் குரலில் அவனைக் கூப்பிட்டு, அவன் கையாலேயே அவனுக்குத் தண்ணீர் திறந்தது போல.

“சின்னி? முகமெல்லாம் ஏன் இப்படி?” மீசை வாசலில் டிஃபன் பாக்ஸோடு நின்றார்.

“நான்தான் மீசைண்ணே” என்றாள்.

அவர் புரியாமல் பார்த்தார். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். மெதுவாக, முதலிலிருந்து, ஒரு படியும் விடாமல் விளக்கினாள். மீசை கடைசிவரை கேட்டார். மீசையை முறுக்கவில்லை.

“இது யாருக்கும் தெரியாது” என்றார். “நாளான்னைக்கு இதைக் கழட்டிருவாங்க. அப்புறம் கேட்டாலும் காட்ட எதுவும் இருக்காது. அவன் பேரை எடுக்கணும், அவ்வளவுதானே? பதிவேடு கெட்டுப்போச்சு, யாருன்னு தெரியலன்னு எழுது. பொய்யும் இல்ல.”

“அண்ணி யாருன்னு கேட்டாங்க.”

மீசை டிஃபன் பாக்ஸைத் திறக்காமலே மேசையில் வைத்தார்.

மேனேஜரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார், வேறு காரணத்துக்காக. பழைய மெஷினின் தப்பு, புதியதில் சரிசெய்தாயிற்று என்று இரண்டு வரி போதும் என்றார். “எந்த மெஷின்மா தப்பு பண்ணாது?” என்று அவர் சொன்னபோது அவளுக்கு ஒரு கணம் அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை நினைத்துத்தான் பிறகு பயந்தாள். புது மெஷினில் லாக்நேமுக்குப் பதிலாக யூசரையும் அவள் பயன்படுத்தவில்லை. ஏறும்போது மாறுவதும் மாறாததுமாக இருக்கும் சீட்டு எதையும் நம்பாமல், மெஷினின் அடிமனதிலேயே இப்போது யார் என்று கேட்கும் வழியைப் போட்டாள். பூட்டின் விதிவிலக்கு வரியை எடுத்தாள். இனி பூட்டியவரே ஆனாலும் நாற்பது படி ஏறி இறங்கி, அட்டையைத் தேய்த்துத்தான் ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, பழைய மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோதே அந்த அமர்வின் சட்டைப்பையை அப்படியே கொட்டி அச்செடுத்தாள். இருபத்திரண்டு மாதப் பழைய சீட்டுகள். லாக்நேம், நெட்டை. கூடவே அந்த நான்கு வரிகள், ஏறிய இறங்கிய பதிவு. எல்லாம் சேர்த்து ஆறு பக்கம். ஒரு பிரதியை மேனேஜர் மேசையில் வைத்தாள். “இது விசாரணைக்குப் போகணும் சார்” என்றாள். அவர் காகிதத்தைத் தள்ளிவிடவில்லை.

மெஷினை அணைக்கும் முன் அண்ணனை வெளியேற்ற வேண்டும். மீசை தன் ஏற்றத்திலிருந்து இறங்கினார். இருபத்திரண்டு மாதத்தில் முதல்முறையாக மேலே யாரும் இல்லை. யூசர், நெட்டை. லாக்நேம், நெட்டை. இரண்டு சீட்டும் மறுபடி ஒரே பெயர். கர்சர் துடித்துக்கொண்டிருந்தது, யாரோ விரலை விசைமேல் வைத்து யோசிப்பதைப் போல.

வெளியேறச் சொன்னாள். திரை கேட்டது: “கிளம்புறியா, நெட்டை?”

அவளே எழுதிய கேள்வி அது. மூன்று வருஷத்துக்கு முன், வேலை முடிந்ததும் முதல் ஆளாக ஓடுகிறவன் என்று அவனைக் கிண்டல் செய்ய வைத்தது. ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொன்னால்தான் போக முடியும். மீசை பக்கத்தில் வந்து நின்றார்.

அவள் ஆம் என்று அடித்தாள்.

சுவரில் ஓடிக்கொண்டிருந்த வரைபடம் நின்றது. மேனேஜர் அறையில் மணி அலறத் தொடங்கியது. திரையில் ஒரு வரி வந்து, இரண்டு நொடி நின்று, போனது. “பாத்துப் போ, தண்ணியில விழுந்துடாதே.”

அந்த வரியை எழுதியதை அவள் அடியோடு மறந்திருந்தாள். மீசை அதைப் படித்தாரா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் அண்ணி ஜன்னல் மேசையிலேயே ஆறு பக்கங்களையும் விரித்தாள். கடை வேலைக்கான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லென்ஸில் கீறல் தேடுவது போல ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சின்னி எதிரில் உட்கார்ந்திருந்தாள். வாசலிலேயே சொல்லிவிட்டிருந்தாள், நான்தான் அண்ணி என்று. அண்ணி உள்ளே வரச் சொன்னாள், காகிதத்தைக் கேட்டாள், அவ்வளவுதான்.

“இதுல அவர் பேர்தான் இருக்கு” என்றாள் அண்ணி கடைசியில்.

“ஆமா.”

“ஒன்பது மூணுக்கு நீ ஏறினது இருக்கு. வால்வு நாலுக்கு நேரா உன் பேர் எங்கயும் இல்லையே.”

“அதான் அண்ணி. அந்த இடத்துல அது எங்கயும் வராது. நான்தான் சொல்லணும்.”

அண்ணி கண்ணாடியைக் கழற்றினாள். தெருவைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று சின்னியால் சொல்ல முடியவில்லை. கேட்கும் உரிமையும் தனக்கு இல்லை என்று நினைத்தாள். உள்ளறையில் அண்ணன் மகள் எதையோ சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி மேசை இழுப்பறையைத் திறந்தாள். நான்காக மடித்த பழைய காகிதத்தை எடுத்து ஆறு பக்கங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். லென்ஸில் புள்ளி வைக்கும் மெல்லிய பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, சின்னி பக்கம் நீட்டினாள்.

“எழுது” என்றாள்.

சின்னி வால்வு நான்கு, பதினொன்று இருபது என்ற வரியைத் தேடிப் பிடித்தாள். நெட்டை என்ற பெயரை அடிக்காமல், அதற்கு நேராகத் தன் பெயரை எழுதினாள். மை காயும்வரை இருவரும் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.